திருப்பித் தர வேண்டிய பொன்னாடை

நான் எழுதிய புகார்களிலேயே ஆகச் சிறந்தது, எங்கள் பகுதி மகளிர் மன்றத்தின் ஒலிபெருக்கிக்கு எதிராக எழுதியதுதான். பொருள், பார்வை, எண்ணிட்ட பத்திகள், சட்டப் பிரிவு, நகல் யார் யாருக்கு என்பது வரை எல்லாம் முறைப்படி இருந்தது. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறர் கொண்டுவரும் தப்பும் தவறுமான காகிதங்களைத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவள். யாராலும் திருப்பி அனுப்ப முடியாத ஒரு காகிதத்தை நானே எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

கோவில்பதாகையில் வீடு வாங்கிக் குடிவந்த புதிது அது. வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், தாய்ப் பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், நாடா பிடித்து எல்லைகளைச் சரிபார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை வந்து நின்று பார்க்கவில்லை. பக்கத்துச் சுவர் மகளிர் மன்றத்துடையது என்பதும், அதன் உச்சியில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி என் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறது என்பதும் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

புகாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே போனேன். உள்ளே கோலப் போட்டிக்குப் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் ஒரு குள்ளமான அம்மாள் நின்றிருந்தார். முழங்கை வரை மாவு. பக்கத்தில் போனதும் எனக்குத் தும்மல் வந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், மன்றத்தின் தலைவி அவர்தான், பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் மாவு மில்லும் அவருடையது. அவர் நடந்து வந்தால் மிளகாய்த் தூள் கொஞ்சம் முன்னால் வரும். தெருவில் யாராவது தும்மினால் "தலைவிம்மா வந்துட்டாங்க" என்று சொல்வார்கள்.

என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மொய்க் கவரா?"

"புகார்" என்றேன்.

"குடுங்க, குடுங்க. இன்னாத்துக்கு நின்னுகினே கீறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

உட்காரச் சொன்ன நாற்காலி மேடையில் இருந்தது. நான் அதைக் கவனிப்பதற்குள் அவர் மைக்கைப் பிடித்திருந்தார். "இன்னிக்கு நம்ம விழாவுக்குத் தலைமை தாங்க, பெரிய பதவியில இருந்து ரிட்டயர் ஆன ரிஸ்டர் அம்மா நம்ம தெருவுக்கே குடிவந்துகீறாங்க. அவங்களுக்கு மன்றத்தின் சார்பா…" ரிஜிஸ்ட்ரார் என்பது அவர் வாயில் ரிஸ்டர் ஆகியிருந்தது. என் தோளில் அரக்கு நிறத்தில் ஒரு பொன்னாடை விழுந்தது. கைதட்டல். ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவள், அதே ஒலிபெருக்கியில், என் வீட்டு ஜன்னலைப் பார்த்து, வெகுநேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள். பேச்சின் நடுவே ஜன்னல் விஷயத்தையும் சொல்லியிருந்தேனாம். மறுநாள் கூம்பு வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. என் உறையை அவர் பிரிக்கவே இல்லை.

அன்று கிளம்பும்போது வாசலில் ஜைபு நின்றாள். பூந்தமல்லியில் ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். மன்றத்தில் தையல் வகுப்பு அவளுடையது, பொருளாளர் பொறுப்பும் அவளுடையது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆடையைக் குடுத்துட்டீங்கன்னா… அடுத்த வாரம் ஒரு டாக்டர் வர்றாரு."

பொன்னாடை போர்த்திவிட்டு வாசலில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சபையை நான் அதுவரை கண்டதில்லை. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. எனக்கு முன் அதைப் போர்த்திக்கொண்டவர்கள் யார் யார் என்று ஜைபு படி இறங்குவதற்குள் சொல்லி முடித்தாள். ஒரு தாசில்தார், ஒரு தண்ணீர் லாரிக்காரர், எதிர்த்தெருவில் வட்டிக்கு விடும் ஒருவர். ஜரிகை பிய்ந்தால் அவள்தான் தைப்பாளாம். மன்றத்தில் வேறு பொன்னாடைகளும் உண்டு. அரக்கு மட்டும் மன்றத்தோடு சண்டைக்கு வருகிறவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

அந்த அம்மாளை விளக்க இது போதும். ஆனாலும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மன்றத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. மன்றத்தின் சொத்துதான். அங்கே ஒரு கோழிக்கடைக்காரர் தினமும் இறகையும் குடலையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். நான் அப்போது மன்றத்தின் செயலாளராகியிருந்தேன். ஆனேன் என்பது சரியல்ல, மைக்கில் அறிவிக்கப்பட்டேன். சுகாதார அலுவலருக்கு முதல் மனு, நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று ஒரு கோப்பே தயாரித்தேன். தலைவி அதை வாங்கித் தலையணை மாதிரி தட்டிப் பார்த்தார்.

"நல்லா கீது. இத்த வெச்சிரு. தூய்மை விழான்னு ஒண்ணு போடலாம். அந்தக் கோழிக்கார அண்ணாத்தேதான் கெஸ்ட்."

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மனைவியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். பொன்னாடை போர்த்தி, "இந்த மனையைத் தன் ஊட்டுத் தோட்டம் மாதிரி பார்த்துக்கற நம்ம அண்ணாத்தே" என்று தலைவி அறிமுகம் செய்தார். அவர் மைக்கைப் பிடித்தபடி மாமியாரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "இனிமே அங்க எவனாவது குப்பை கொட்டினா என்கிட்ட சொல்லுங்க" என்றார். கொட்ட ஆள் இல்லை. கொட்டிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். இப்போது அந்த மனையில் அவர் வைத்த முருங்கை காய்க்கிறது.

மனைவியைத் தையல் வகுப்புக்கு விடாமல் அடைத்து வைத்திருந்த ஒருவனை, "சம்சாரத்தைப் படிக்க வெச்ச கணவர்" என்று மேடையேற்றியதுதான் எனக்குப் பிடிக்காமல் போன விழா. அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொன்னாடையோடு சிரித்தான். விழா முடிந்ததும் நான் மில்லுக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"நடக்காத ஒண்ணுக்குச் சான்றிதழ் கொடுக்கறீங்க. இது முறையே இல்ல. நல்லவன்னு சொல்லிட்டா நல்லவன் ஆயிடுவானா?"

"ஆவ மாட்டான்" என்றார், கோதுமையைக் கொட்டிக்கொண்டே. "ஆனா கெட்டவனா இருக்கறதுக்கு வெக்கப்படுவான். எனக்கு அதுக்கு மேல இன்னா வேணும்?"

"வெட்கப்படலன்னா?"

"அதுக்குத்தான் ஜைபு வாராவாரம் அவன் ஊட்டுக்குப் போறா. 'அண்ணே, உங்க போட்டோ வந்துச்சு, பார்த்தீங்களா'ன்னு கேட்டுகினு போயி, அந்தப் பொண்ணு கை காலெல்லாம் நல்லா கீதான்னு பார்த்துகினு வர்றா. நான் மாலையைப் போட்டுட்டுத் தூங்கறவன்னு நெனைச்சியா?"

அந்தப் பெண் மறுமாதமே வகுப்புக்கு வந்தாள். இப்போது அவள் ஜைபுவுக்கு உதவியாள். எனக்கு அந்த விழா இன்றும் பிடிக்கவில்லை. அதன் பலனைக் குறை சொல்ல எனக்கு வழியும் இல்லை.

இனி அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவியின் வித்தை அவர் மேலேயே திரும்பியது அதில்தான்.

மன்றக் கட்டடத்துக்கு ஊரில் பெயர் பிடியரிசிக் கட்டடம். அந்தக் காலத்தில் இங்கே விவசாயக் குடும்பங்கள்தான். சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைப்பார்கள். மன்றத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்த அரிசியைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் கட்டிய கட்டடம் அது. எங்கோ இடித்த பழைய பங்களாவிலிருந்து தேக்கு உத்திரங்களை வாங்கி வந்து, மேலே செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு பூசிய தளம். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் மண்பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சுவதும், வெள்ளம் வந்த வருடம் பொது அடுப்பு எரிந்ததும், காலையில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் தூங்குவதும் அங்கேதான்.

ஒரே ஒரு குறை. மேடைக்கு நேர் எதிரே, பார்க்கிறவர்களின் பார்வையை மறைத்துக்கொண்டு ஒரு கல் தூண் நின்றது. அதுவும் அந்த பங்களாச் சாமான்களோடு வண்டியில் வந்ததாம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, எங்காவது நிற்கட்டும் என்று நட்டுவிட்டார்கள். அது எதையும் தாங்கவில்லை. அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. எந்த விழாவிலும் கொஞ்சம் பேர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து மேடையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மன்றத்தில் எந்த விஷயத்திலும் ஒன்றுபடாத பெண்கள் அந்தத் தூணைத் திட்டுவதில் மட்டும் ஒன்றுபடுவார்கள்.

ஒரு பில்டர் பக்கத்துத் தெருவில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார். அவர் மணல் லாரிகள் மன்ற வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து வர வேண்டியிருந்தது. தலைவி வழக்கப்படி ஆண்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். அரக்குப் பொன்னாடை.

பில்டர் இளைஞர், நல்ல மனிதர், கொஞ்சம் பெயராசை. மைக்கைப் பிடித்து, "இனிமேல் என் லாரி இந்த வாசலில் நிற்காது" என்றார். கைதட்டினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் அவருக்கு ஏறிவிட்டது.

"அது மட்டும் இல்ல தாய்மார்களே. இந்தப் பழைய கட்டடத்தை இடிச்சிட்டு, என் சொந்தச் செலவுல, ஏசி போட்ட புது ஹால் கட்டித் தரேன். நடுவுல தூணே இல்லாத ஹால்."

தூண் இல்லாத ஹால் என்றதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பழக்க தோஷத்தில் தலைவியும் தட்டினார். பாதியில் அவர் கை நின்றது. மேடையில் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அடுத்த வாரமே பில்டரின் ஆட்கள் அளவெடுக்க வந்தார்கள். பூமி பூஜைக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தாகிவிட்டது. உறுப்பினர்கள் பேச்செல்லாம் ஏசியைப் பற்றியும் வளைகாப்புக்கு வாடகை விடுவதைப் பற்றியும். ஜைபுகூட என்னிடம், "எனக்கும் புது ஹால் வேணும்தான் மேடம். தைச்சிகினு இருக்கும்போதே மெஷின் மேல சுண்ணாம்பு கொட்டுது" என்றாள். நியாயம்தான்.

நான் மில்லுக்குப் போனேன். தலைவி இயந்திரத்தை நிறுத்தினார். அவர் அதை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். திடீரென்று வந்த நிசப்தத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உரக்கவே பேசிக்கொண்டிருந்தோம்.

"இதெல்லாம் செல்லாதுங்க" என்றேன். "மேடையில சொன்னது தானப் பத்திரம் ஆகாது. பதிவும் இல்ல, சாட்சிக் கையெழுத்தும் இல்ல. கட்டடத்தை இடிக்கணும்னா பொதுக்குழு கூடணும், மூணுல ரெண்டு பங்கு ஒப்புதல் வேணும். நான் ஒரு ஆட்சேபணைக் கடிதம் எழுதறேன், எல்லாம் நின்னுடும்."

"மேடையில சொன்னது செல்லாதா?"

"செல்லாது."

"அப்போ கோழிக்கார அண்ணாத்தே சொன்னதும் செல்லாது. அந்தப் பொண்ணு புருசன் சொன்னதும் செல்லாது. லாரி நிக்காதுன்னு இந்தப் புள்ள சொன்னதும் செல்லாது. அப்படித்தானே?"

சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் அவர் இத்தனை வருடம் கட்டியது முழுவதும் சட்டத்தில் இடமே இல்லாத ஒன்றின் மேல் நின்றது. நாலு பேர் முன்னால் மைக்கில் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான் அஸ்திவாரம். அதை ஒரே ஒருவருக்கு ரத்து செய்தால் எல்லோருக்கும் ரத்து.

"அந்தப் புள்ள மேலயும் தப்பில்ல" என்றார். "நல்லது செய்றேன்னு சொல்றவன் கையை எப்படித் தட்டி விடறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாவு இன்னும் பரவியது. "நான் இங்க மருமவளா வந்தப்போ வாசப்படி தாண்ட உட மாட்டாங்க. பிடியரிசி வாங்கியாறேன்னு சொன்னா மட்டும் உடுவாங்க. அந்தப் பானையைத் தூக்கிகினுதான் நான் இந்த ஊரையே பார்த்தேன். எந்தத் தெரு எங்க போவுது, எந்த ஊட்ல எவ அழுவுறா, எவ சிரிக்கிறா, எல்லாம். அந்த அரிசிதான் அங்க செவுரா நிக்குது. இத்த மைக்கில சொல்லிக் கட்டடத்தைக் கேட்டா பிச்சை மாதிரி ஆயிடும். சொல்ல மாட்டேன்."

"அப்போ என்னதான் செய்யறது?"

"விழாதான்" என்றார். இயந்திரத்தை மறுபடி போட்டார்.

அழைப்பிதழ் வாசகம் என்னிடம் வந்தது. பூமி பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர் பெயரைக் கேட்டேன். "காலியா உடு" என்றார். சிறப்பு விருந்தினர் பெயரில்லாத அழைப்பிதழ் அச்சுக்குப் போனது இந்தப் பகுதியில் அதுவே முதல் தடவையாக இருக்கும். அச்சகத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், பேரு விட்டுப்போச்சு" என்றார். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நடிகை என்றார்கள் சிலர், அமைச்சர் என்றார்கள் சிலர். பில்டருக்குச் சந்தேகமே இல்லை, தான்தான் என்று நினைத்துப் புகைப்படக்காரரை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. ஜன்னலிலெல்லாம் தலைகள். கோழிக்கடைக்காரர் வாசலில் நின்று செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மேடையில் நடு நாற்காலி காலி. பில்டருக்குப் பக்கவாட்டில் ஒன்று. அவர் உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

வரவேற்புரையைத் தலைவியே சொன்னார்.

"நம்ம மன்றத்துக்கு யார் தொந்தரவு குடுத்தாலும் அவங்களை மேடையேத்தி மரியாதை பண்றது நம்ம வழக்கம். இங்க உக்காந்துகீற பாதிப் பேரு அப்படி வந்தவங்கதான்." சிரிப்பு. என் பக்கம் சில கண்கள் திரும்பின. "இத்தினி வருசமா நமக்கு எல்லாரையும் விட அதிகமாத் தொந்தரவு குடுத்தவரு ஒருத்தரு கீறாரு. அவருக்கு மட்டும் நாம மரியாதையே பண்ணல. இன்னிக்கு அவர்தான் கெஸ்ட்டு."

மேடையிலிருந்து இறங்கினார். அரக்குப் பொன்னாடையை விரித்தார். நேரே நடந்துபோய் அந்தக் கல் தூணைச் சுற்றிப் போர்த்தி, முனையை முன்னால் இழுத்துச் செருகினார். ஜைபு மாலையை நீட்டினாள். கல்லுக்குத் தோள் கிடையாது, மாலை வழுக்கி விழுந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து பிடித்துக்கொண்டாள். வழக்கமாக அந்தத் தூணை எல்லோரையும் விட அதிகமாகத் திட்டுகிறவள் அவள்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கைதட்டல், விசில், குழந்தைகளின் கூச்சல். பில்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போது தலைவி மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூணுக்கு முன்னால் வைத்தார்.

"அடுத்து, ஏற்புரை" என்றார்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒரு தூண் பேசுவதற்காகக் காத்திருந்தோம். முதலில் சிரிப்பு மிச்சம் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. அண்ணனூர் பக்கம் மின்சார ரயில் ஒன்று போகும் சத்தம் தூரத்தில் கேட்டது. உத்திரத்தில் புறா குனுகியது. மைக் அதையெல்லாம் வாங்கிக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. விசிறி நின்றும் யாருக்கும் வியர்க்கவில்லை. இதை நான் மட்டும் கவனித்ததாக நினைத்தேன். பக்கத்தில் ஒருத்தி மெதுவாக, "எவ்ளோ குளிர்ச்சியா கீது பாரேன்" என்றாள்.

மௌனம் நீண்டது. நான் தலைவியைப் பார்த்தேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவரிடம் இதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை. இதுவரைதான் அவர் யோசித்திருந்தார். அவருடைய விருந்தினர் எப்போதும் மைக்கைப் பிடித்தால் தானாகவே சரியானதைச் சொல்லிவிடுவார். இந்த விருந்தினர் சொல்லவில்லை.

பில்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புன்னகையோடு எழுந்தார். "நல்ல வேடிக்கை. சரி, வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லாரும்…" என்று மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தார்.

நிகழ்ச்சி நிரலில் ஏற்புரைக்கு அடுத்தது நன்றியுரை. நன்றியுரை செயலாளர். நிரலை மீற யாருக்கும் உரிமை இல்லை, சிறப்பு விருந்தினருக்கே இல்லை, பக்கவாட்டு விருந்தினருக்கு நிச்சயம் இல்லை. நான் அவரை முந்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். அந்த வயதில் அப்படி இறங்கியிருக்கக் கூடாது என்று என் முழங்கால் பிறகு சொன்னது.

கையில் எழுதிவைத்த நன்றியுரை இருந்தது. அச்சகம், பந்தல்காரர், ஒலிபெருக்கி உரிமையாளர். அதை மடித்துக்கொண்டேன்.

"இந்த விழாவின் முக்கியமான நன்றி நம் பில்டர் தம்பிக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுவது பெரிய விஷயம். கொடுத்ததற்கு மேலேயும் செய்வது அதைவிடப் பெரிய விஷயம். நமது பெண்கள் பிடி பிடியாகச் சேர்த்த அரிசியில் எழுந்த இந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கடப்பாரை படக் கூடாது என்பதற்காக, புது ஹாலைப் பின்னால் இருக்கும் காலி மனையில் கட்டித் தர அவர் முடிவு செய்திருக்கிறார். அந்த ஹாலில் தூண் இருக்காது. இந்தக் கட்டடத்தின் கூரையையும் பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தால் சீர் செய்து, தையல் மெஷின்கள் மேல் இனி ஒரு துளி கொட்டாமல் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்கள் முதலில் பார்க்கும்படி, இந்த முன்வாசலில், பிடியரிசிக் கட்டடத்தைக் காத்தவர் என்று அவர் பெயரைக் கல்லில் பொறிக்க மன்றம் தீர்மானித்திருக்கிறது."

எந்த மன்றமும் எதையும் தீர்மானிக்கவில்லை. யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. உண்மைக்கு மாறான ஒரு வாசகத்துக்காக எத்தனை பத்திரங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வாயிலிருந்து அப்படிப்பட்ட வாசகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, தெளிவாக, முற்றுப்புள்ளியோடு.

முதலில் தட்டியது தலைவி. தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். மாவு பறந்தது. முன்வரிசையில் யாரோ தும்மினார்கள். அடுத்தது ஜைபு. அப்புறம் யார் என்று பிரிக்க முடியவில்லை. கோழிக்கடைக்காரர் வாசலிலிருந்து கத்தினார்: "என் முருங்கையை மட்டும் உட்டுட்டுக் கட்டு நைனா."

பில்டர் பாதி எடுத்துவைத்த அடியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அது அவ்வளவு இனிமையான பார்வை இல்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்தார், பொன்னாடை போர்த்திய தூணைப் பார்த்தார், முன்வாசலை ஒரு தடவை பார்த்தார். அங்கே கல் எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"ஆமா தாய்மார்களே" என்றார் மைக்கில். "முருங்கையையும் விட்டுட்டுத்தான் கட்டுவேன்."

பொதுக்குழு மறுவாரம் கூடியது. நடந்ததற்கெல்லாம் பின்னேற்பு, அதாவது நடந்து முடிந்த பின் தரும் ஒப்புதல், வழங்கியது. தீர்மானத்தை நானே எழுதினேன், ஒரு பிழை இல்லாமல்.

அன்று எல்லோரும் போன பிறகு தலைவி தூணிடமிருந்து பொன்னாடையை உருவினார். உதறி, நாலாக மடித்து, என்னிடம் வந்தார்.

"இன்னா ரிஸ்டர், பொய்ப் பத்திரம் எழுதிட்டே போலக் கீது?"

"பொய் இல்ல. தேதி கொஞ்சம் முன்னாடி விழுந்துட்டுது."

அவர் சிரிக்கவில்லை. பொன்னாடையை என் தோளில் போட்டு, ஜரிகை பிய்ந்த முனையை உள்ளே மடித்துவிட்டார். "இது உனக்கு. திருப்பிக் குடுக்க வேணாம்" என்றார். வாசலில் ஜைபு வழக்கம்போல் கையை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டாள்.

புது ஹால் பின்னால் நிற்கிறது. வளைகாப்புகள் அங்கே நடக்கின்றன. கூட்டம் மட்டும் பழைய கட்டடத்தில்தான். தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் இன்னும் எட்டித்தான் பார்க்கிறார்கள். யாரும் திட்டுவதில்லை. மில்லை மகன் பார்த்துக்கொள்கிறார். தலைவி செந்நீர்குப்பத்தில் மகளுடைய அடுக்குமாடிக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தெருவில் தும்மல் குறைந்துவிட்டது.

போன வாரம் அவரிடமிருந்து போன்.

"ரிஸ்டர், அந்த அரக்குப் பொன்னாடை உன்கிட்டதானே கீது? இங்க அசோசியேஷன் செகரட்டரி மொட்டை மாடியில மிளகா காய வெக்கக் கூடாதுன்றான். நல்ல புள்ளதான். வர்ற ஞாயித்துக்கிழமை விழா வெச்சிகீறேன். குடுத்து அனுப்பு."

"திருப்பித் தர வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது அப்போ சொன்னது."

"மேடையில சொன்னது செல்லாதா?" என்று கேட்டேன்.

"அது மேடை இல்ல. மைக்கும் இல்ல. நீதானே ரூல்ஸ் தெரிஞ்சவ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்குப் போய் அதே அரக்கு நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கி ஜைபுவிடம் கொடுத்தனுப்பினேன். பணியில் இருந்த காலம் முழுவதும் அலுவலகக் குண்டூசி ஒன்றைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மன்றத்தின் சொத்தான அந்தப் பழைய பொன்னாடை, ஜரிகை பிய்ந்த முனையோடு, என் பீரோவில் இருக்கிறது. யாராவது கேட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்ல உத்தேசம்.